பரணிலிருந்து மேசைக்கு: ஆறு பேருக்கு ஓர் இட்லிப் பந்தி

மதுரையில் எந்தப் பழைய வீட்டுப் பரணை எட்டிப் பார்த்தாலும் ஒரு பாத்திரக்கடையே அங்கே தூங்கிக்கொண்டிருக்கும். அப்பத்தா சீராகக் கொண்டுவந்த கும்பா, உள்விளிம்பில் பெயர் வெட்டிய போணி, பர்மாவுக்குப் போன யாரோ வாங்கிவந்த எனாமல் தட்டு, எந்தக் கல்யாணத்திலோ கைமாறித் திரும்பிப் போகாத தாம்பாளம். கீழே சாப்பாட்டு மேசையில் மட்டும் ஒரே அச்சில் வார்த்த ஆறு மெலமைன் தட்டுகள். பரணில் இருப்பதைக் கீழே இறக்கி, அழகாக, உடம்புக்குக் கெடுதல் இல்லாமல், சாப்பிடுகிற கைக்கு இடைஞ்சலும் இல்லாமல் எப்படிப் பரப்புவது என்று புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

தலைவாழை விருந்தில் தொடங்காதீர்கள். அந்த இலைக்கு எந்த அலங்காரமும் வேண்டாம், அதுவே அலங்காரம். ஞாயிற்றுக்கிழமைக் காலை இட்லியில் தொடங்குங்கள். நம் ஊரில் இட்லி என்றால் இரண்டு சட்னியோடு யாரும் விடுவதில்லை. தேங்காய், தக்காளி, மல்லி, கடலை என்று நாலு சட்னி, பொடி, நல்லெண்ணெய், ஒரு குழம்பு. ஆக ஏழெட்டுச் சின்னக் கிண்ணங்கள் கட்டாயம் மேசைக்கு வந்தாக வேண்டும். ஒன்றோடு ஒன்று பொருந்தாத சேகரிப்பைப் பரப்பிக் காட்ட இதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு விதி: ஏதாவது ஒன்று மட்டும் ஆறு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும், மற்றதெல்லாம் வேறு வேறாக இருக்கலாம். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் முறை பூப்போட்ட துணி, பூப்போட்ட தட்டு, பளபளவென்று பித்தளை, நடுவில் இரண்டு மண் பொம்மை என்று எல்லாவற்றையும் பரப்பினேன். மதினி வந்து பார்த்துவிட்டு, "இது காலைச் சாப்பாடா, பொருட்காட்சியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. இப்போது எனக்கு அந்த 'ஒன்று' வாழையிலை. ஆறு தட்டும் ஆறு ஊராக இருந்தாலும் மேலே ஒரே பச்சை வட்டம் விழுந்துவிட்டால் அவை ஒரு குடும்பமாகிவிடும்.

இறக்குங்கள், மூன்றாகப் பிரியுங்கள்

பரணில் உள்ள எல்லாவற்றையும் ஒரு நாள் கூடத்தில் இறக்கி, மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். சாப்பாடு நேரடியாகப் படலாம் என்பவை முதல் குவியல். உலர்ந்த பண்டத்துக்கு மட்டும் ஆகுபவை இரண்டாவது. பார்வைக்கு மட்டும் என்பவை மூன்றாவது. அழகு பார்த்துப் பிரிக்காதீர்கள். எந்த உலோகம், என்ன நிலை என்று பார்த்துப் பிரியுங்கள்.

வெண்கலம் முதல் குவியலுக்குப் போகும். செம்பும் வெள்ளீயமும் கலந்தது அது. நாலு பங்கு செம்புக்கு ஏறத்தாழ ஒரு பங்கு வெள்ளீயம். விரலால் சுண்டினால் கோயில் மணிபோல நீண்டு ஒலிக்கும். பழைய சோறும் கூழும் கும்பாவில் சாப்பிட்ட தலைமுறை காரணமில்லாமல் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒன்று நினைவிருக்கட்டும்: வெண்கலம் ஒடியும் குணமுள்ளது. பித்தளை கீழே விழுந்தால் நசுங்கும், வெண்கலம் விழுந்தால் விரிசல் விடும். விரிசல் விட்டதைச் சுண்டினால் ஒலி சட்டென்று அடங்கிவிடும்.

பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. செம்பானாலும் பித்தளையானாலும் உட்புறம் ஈயப்பூச்சு இல்லாவிட்டால் புளி, தக்காளி, தயிர், எலுமிச்சை எதுவும் படக்கூடாது. களிம்பு ஏறும், வாய் கசக்கும், வயிறும் கெடும். ஈயம் பூசித்தான் ஆக வேண்டும். நவச்சாரத்தைத் தூவி, வெள்ளைப் புகை எழ, துணியால் ஒரே இழுப்பில் உட்புறம் முழுவதும் வெள்ளியாக்கிவிடுகிற கைவேலையை ஒரு முறையாவது பக்கத்தில் நின்று பாருங்கள். தெருத்தெருவாக வந்துகொண்டிருந்தவர்கள் இப்போது அருகிவிட்டார்கள். வெண்கலக் கடைத் தெருப் பக்கம் பாத்திரக் கடைகளில் விசாரித்தால் ஆள் காட்டுவார்கள். கொடுக்கும்போது வெள்ளீயம்தான் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். காரீயம் வேறு உலோகம், நஞ்சு. பழைய பாத்திரத்தின் அடியில் பற்றவைத்த ஒட்டு ஏதாவது இருந்தால் அதையும் நம்ப வேண்டாம். இரண்டாவது குவியலுக்குத் தள்ளிவிடுங்கள்.

ஈயச் சொம்பு இருந்தால் அதிர்ஷ்டம். ரசத்துக்கென்றே பிறந்தது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால், உள்ளே ரசம் இல்லாமல் அடுப்பில் வைத்தால் சொம்பு இருந்த இடத்தில் ஒரு வெள்ளித் துளிதான் மிஞ்சும். மேசைக்கு மட்டும் என்றால் அந்தக் கவலையும் இல்லை. நம் இட்லிப் பந்தியில் எங்கள் வீட்டுச் சொம்பு குடிதண்ணீர் தாங்கும்.

எனாமல் தட்டுகள்தான் மனத்தை மயக்குபவை. சுவீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் என்று அடியில் ஊர்ப்பெயர் பதித்து, செட்டிநாட்டு வீடுகளில் அடுக்கடுக்காகக் கிடந்தவை. பூச்சு பெயர்ந்து உள்ளே இரும்பு கறுப்பாகத் தெரிந்தால் சாப்பாட்டுக்கு ஆகாது. பெயராவிட்டாலும், பழைய சிவப்பு, மஞ்சள் பூச்சுகளில் காரீயமோ காட்மியமோ இருக்க வாய்ப்புண்டு. புளிப்பான எதையும் ஊற்றாதீர்கள். மேற்பூச்சு வலைவலையாக வெடித்த பழைய பீங்கானுக்கும் இதுதான். இவை எல்லாம் இரண்டாவது குவியல். ஒதுக்கிவிட்டோமே என்று வருந்த வேண்டாம். இலை வரும்போது இவற்றுக்கும் வழி பிறக்கும்.

பூஜை அறைப் பொருள்களைத் தொடாதீர்கள். தீபத்தட்டும் பஞ்சபாத்திரமும் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவற்றின் இடம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை குடல் குழம்பு வைக்கிற வீடாக இருந்தால் இதைத் தனியாகச் சொல்லவே வேண்டாம்.

துலக்குவதற்குப் புளியும் உப்பும் போதும். துலக்கியதும் உடனே துணியால் துடைக்க வேண்டும். தண்ணீர் தானாக உலர்ந்தால் புள்ளி புள்ளியாக நிற்கும். ஈயம் பூசிய உட்புறத்தில் சாம்பலோ கம்பி நாரோ படவே கூடாது. வெளிப்பக்கத்தையும் கண்ணாடி மாதிரி தேய்க்க வேண்டும் என்பதில்லை. பெயர் வெட்டிய புள்ளிகளுக்குள் கொஞ்சம் கறுப்பு தங்கட்டும். அப்போதுதான் எழுத்து படிக்க வரும்.

துணி

மேசை விரிப்புக் கடையில் வாங்காதீர்கள். பீரோவில் பழைய சுங்குடிச் சேலை ஒன்று கட்டாயம் இருக்கும். மதுரைச் சுங்குடி சௌராஷ்டிர மக்களின் கைவேலை. துணியை நுனி நுனியாகக் கிள்ளி நூலால் முடிந்து சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் போகாத இடம் புள்ளியாக நிற்கும். 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்சடித்த சுங்குடியும் முடிச்சுச் சுங்குடியும் கடையில் அடுத்தடுத்தே தொங்கும். துணியைத் திருப்பிப் பாருங்கள்: முடிச்சுத் துணியில் புள்ளி இரு பக்கமும் ஒரே அழுத்தத்தில் இருக்கும், ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது. அச்சடித்ததில் மறுபக்கம் வெளிறிக் கிடக்கும்.

கணக்கு இப்படி: சேலையின் அகலம் ஏறத்தாழ நாலடி. ஆறு பேர் மேசை வழக்கமாக ஐந்தடிக்கு மூன்றடி. குறுக்கே விரித்தால் இரு பக்கமும் அரை அடி தொங்கும். அதற்கு மேல் தொங்கினால் மடியில் வந்து விழுந்து தொந்தரவு செய்யும். நீளத்தில் ஆறடி வெட்டினால் விரிப்பு முடிந்தது. 5.5 மீட்டர் சேலையில் இன்னும் 12 அடி மிச்சம் இருக்கும். உட்கார்ந்து உட்கார்ந்து நைந்த பகுதியைத் தவிர்த்து வெட்டுங்கள். முந்தானை நன்றாக இருந்தால் அதை முழு மேசைக்கும் விரிக்காமல் நடுவில் மட்டும் நீளமாக ஓடவிடலாம். மிச்சத்தில் ஆறு கைத்துணிகள் கிழித்துக்கொள்ளலாம். ஓரம் அடிக்கத் தையல்காரர் வேண்டுமென்றால், மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்தில் இருந்த கடைகள் பெரும்பாலும் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன, அங்கே போங்கள். தூண்களுக்கு நடுவே தையல் இயந்திரம் கடகடத்த அந்தப் பழைய காட்சி இல்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. ஆனாலும் மண்டபத்துச் சிற்பங்கள் கொஞ்சம் மூச்சுவிடட்டும்.

விரிப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. வெள்ளைத் துணியை நனைத்து, சேலையில் பத்து முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அந்தத் துணி மேசைக்கு இன்னும் தயாராகவில்லை. தனியாக அலசி, தண்ணீர் தெளியும்வரை மறுபடி அலசுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள், எனக்கு நின்றதில்லை. நான் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு புதுச் சிவப்புச் சுங்குடியை விரித்தேன். டம்ளர் கவிழ்ந்தது, துணி நனைந்தது, நனைந்த ஓரம் மாமாவின் வெள்ளை வேட்டியில் படிந்தது. "அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி இருக்கிறேன்" என்று அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். அத்தை சிரிக்கவில்லை. அந்த வேட்டி இன்றும் இளஞ்சிவப்புதான்.

இலை வட்டம்

முழு இலை வேண்டாம். நடுத்தண்டு தட்டுக்குள் அடங்காமல் ஆடும். தண்டின் ஒரு பக்கத்து இலையை மட்டும் வெட்டி எடுத்து, தட்டின் உள்வட்டத்துக்கு அளவாகக் கத்தரியுங்கள். அளவுக்கு ஒரு டப்பா மூடியைக் கவிழ்த்து வைத்து வெட்டினால் ஆறும் ஒன்றுபோல வரும். தணலுக்கு மேல் ஒரு முறை காட்டி எடுத்தால் இலை வாடி, கிழியாமல் தட்டில் படியும். பளபளப்பான மேற்புறம் மேலே இருக்கட்டும். இட்லியையும் சட்னியையும் இலை தாங்கிக்கொள்வதால், இரண்டாவது குவியலில் தள்ளிய எனாமல் தட்டும் வெடித்த பீங்கானும் பந்தியில் உட்கார்ந்துவிடும். ஆனால் குழம்பை ஓடவிட்டுச் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் உண்டு. இலைக்கு அடியில் சாறு இறங்கும். அவர்களுக்கு எவர்சில்வர் தட்டோ வெண்கல வட்டிலோ கொடுங்கள்.

கிண்ணங்கள்

ஒரு சட்னிக்கு ஒரு கிண்ணம் என்று நடுவில் வைத்தால் எவர் கைக்கும் எட்டாது. ஐந்தடி மேசையில் இரு முனைக்கும் ஒவ்வொன்று வேண்டும். ஆக நாலு சட்னிக்கு எட்டுக் கிண்ணங்கள், எட்டும் வேறு வேறு. அடுத்தடுத்த இரண்டு கிண்ணங்கள் ஒரே உயரத்தில், ஒரே உலோகத்தில் இருக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். மற்றக் கலைநுணுக்கமெல்லாம் தானாக வரும்.

எதில் எது என்பதுதான் முக்கியம். தக்காளிச் சட்னிக்குப் பீங்கான் கிண்ணமோ கண்ணாடியோ. தேங்காய்ச் சட்னி பழக்கிய கல்சட்டியில் இருந்தால் அந்தக் கறுப்பில் வெள்ளை எடுப்பாக நிற்கும். மல்லிச் சட்னிக்கு வெண்கலக் கிண்ணி. பொடிக்கு மரவை. முன்பு உப்புக்கு வைத்திருந்த கடைசல் மரக் கிண்ணம் அது. கழுவினால் நன்றாக உலரவைக்க வேண்டும், இல்லையென்றால் பூசணம் பிடிக்கும். நல்லெண்ணெய்க்கு என் கண்டுபிடிப்பு ஒன்று உண்டு: பாலாடை. பிள்ளைக்குப் பால் புகட்டிய அந்தச் சின்னச் சங்கு எல்லா வீட்டிலும் வேலையற்றுக் கிடக்கும். மூக்கு நீண்டிருப்பதால் பொடியின் நடுக்குழியில் குறி தவறாமல் எண்ணெய் இறங்கும். "உனக்குப் பால் கொடுத்ததில் எண்ணெயா?" என்று அம்மாச்சி முதலில் முறைத்தார். பிறகு அவரே கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.

குழம்புக்கு மண்சட்டி. அதற்கு மானாமதுரைக்கு ஒரு நடை போய்வாருங்கள். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கடம் செய்வதற்குப் பேர்போன மண் அது. 2023-ல் மானாமதுரை மண்பாண்டத்துக்கும் புவிசார் குறியீடு வந்தது. உட்புறம் வண்ணமோ வார்னிஷோ அடிக்காத சட்டியாக எடுங்கள். ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு இரண்டு மூன்று நாள் அரிசி கழுநீரை ஊற்றிக் கொதிக்கவைத்துப் பழக்குங்கள். சோப்பு போடக்கூடாது; மண் அதைக் குடித்துவைத்து அடுத்த குழம்பில் திருப்பிக் கொடுக்கும். அடி உருண்டையாக இருப்பதால் சட்டி மேசையில் நிற்காது, பிரிமணை வேண்டும். வைக்கோல் தேடி அலைய வேண்டாம். சுங்குடியில் மிஞ்சிய கிழிசலை முறுக்கி, வளையமாகச் சுற்றித் தைத்தால் விரிப்பின் நிறத்திலேயே பிரிமணை தயார்.

இட்லிக்குப் பனையோலைக் கொட்டான். ஈரத்துணி விரித்து, அதன்மேல் இலை வைத்து, சுடச்சுட அடுக்குங்கள். பாத்திரத்தில் போட்டு மூடினால் ஆவி அடியில் தங்கி இட்லி நனைந்துவிடும். ஓலை மூச்சுவிடும்.

கரண்டிகளில் அதிகம் யோசிக்க வேண்டாம். சிரட்டை அகப்பை ஒன்று குழம்புக்கு, மற்றதற்குச் சின்னக் கரண்டிகள். கிண்ணத்தைவிடக் கரண்டி கனமாக இருந்தால் கவிழ்ந்துவிடும். சுங்குடி விரித்த மேசையில் அது பெரிய விஷயம்.

கை, தண்ணீர், காற்று

வலது கை சாப்பாட்டில் இருக்கும். ஆகவே டம்ளர் இடது பக்கம். இடது கையால் பரிமாறிக்கொள்வதைப் பெரியவர்கள் விரும்பமாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் பந்தியில் இருந்தால் ஒருவர் நின்று பரிமாறுங்கள். நாற்காலிகளுக்கு நடுவே ஆள் நுழையும் இடம் விட்டு வையுங்கள்.

பூ. மதுரையில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது துரோகம்தான்: மல்லிகையைச் சாப்பாட்டு மேசையில் வைக்காதீர்கள். அதன் மணம் குழம்பின் மணத்தோடு சண்டை போடும், இரண்டும் தோற்கும். சம்பங்கியும் மரிக்கொழுந்தும் அப்படியே. மாட்டுத்தாவணிச் சந்தையில் வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் வாங்குங்கள். மணம் இல்லை, நிறம் உண்டு, மறுநாளும் வாடாது. சின்னச் செம்பில் குட்டையாக வெட்டி வையுங்கள். எதிரில் இருப்பவர் முகத்தைப் பூ மறைக்கக்கூடாது. அரளியை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள். பூ, இலை, தண்டு எல்லாம் நஞ்சு. மல்லிகையைக் கை கழுவும் இடத்தில் ஒரு கிண்ணத்தில் போடுங்கள், கிளம்பும்போது பெண்களுக்கு ஒரு முழம் கொடுங்கள். அங்கே அதற்கு வேலை உண்டு.

விளக்கு ஏற்றுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் மின்விசிறியை நினைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் அதை நிறுத்தச் சொன்னால் விருந்தாளி பாதி இட்லியில் எழுந்து போவார். காலைப் பந்திக்கு ஜன்னல் வெளிச்சமே போதும். அதே காற்றில் இலை வட்டமும் தூக்கும். தட்டை வைத்த உடனே ஒரு துளி உப்போ ஒரு கரண்டிப் பொடியோ மேலே வைத்து அடக்கிவிடுங்கள்.

இனி வாங்குவதென்றால்

ஒரு நாளில் எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்காதீர்கள். ஊரிலேயே தொடங்கலாம். பாத்திரக் கடைகளில் பழையதைப் போட்டுப் புதியது வாங்குவார்கள். அந்தப் பழையது எடைக்குப் போய் உருக்கப்படும். அதற்கு முன்னால் மூட்டையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், சிலர் காட்டுவார்கள். எங்கள் வீட்டு மல்லிச் சட்னிக் கிண்ணி அப்படி உருக்கப் போன ஒரு மூட்டையிலிருந்து வந்தது.

அடுத்து காரைக்குடி, ஏறத்தாழ 90 கிலோமீட்டர். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பித்தளையில் ஒட்டாது, பித்தளை முலாம் பூசிய இரும்பில் ஒட்டும். 'பழையது' என்று சொல்லப்படுவது உண்மையில் பழையதா என்று பார்க்க அடியைத் தடவுங்கள். ஆண்டுக்கணக்கில் தரையில் இழுபட்ட விளிம்பு வழுவழுவென்று தேய்ந்திருக்கும், பிடி மெலிந்திருக்கும். அமிலம் தடவிக் கறுக்கவைத்த புதுப் பொருளில் கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். எனக்குக் கடைசிவரை பழகாத ஒன்று, அங்கே வாங்கும் பாத்திரங்களில் வெட்டியிருக்கும் முன்பின் தெரியாதவர்களின் பெயர்கள். ஒரு தாம்பாளத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. அவர் யார் என்று என் மகள் ஒவ்வொரு முறையும் கேட்கிறாள். நான் ஒவ்வொரு முறையும் ஒரு கதை சொல்கிறேன்.

பந்தி முடிந்ததும் முதலில் இலை வட்டங்களை மடித்து எடுங்கள், தட்டுகளில் ஒட்டுப்பட்டிருக்காது. ஈயம் பூசியவையும் வெண்கலமும் முதலில், மண்சட்டி கடைசியில் என்று கழுவுங்கள். மண்சட்டிக்கு வெந்நீரும் தேங்காய் நாரும் மட்டும். மரவையையும் கொட்டானையும் நிழலில் காயவையுங்கள். பித்தளையைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்துக் கறுக்கும், பழைய வேட்டித் துண்டில் சுற்றுங்கள். எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு இளஞ்சிவப்பு வேட்டி இருக்கிறது. மாமாதான் கொண்டுவந்து கொடுத்தார்.